கிளம்ப மனம் இல்லாதபோது

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘மனச்சோர்வை வெல்ல உடற்பயிற்சி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறவர்கள்தான் அதிகம் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். (சிரிப்பு) உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பேச வந்தது இந்த அரங்குக்கு வராதவர்களைப் பற்றி. மூன்று நாளாகக் குளிக்காமல், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவரைப் பற்றி. உங்களில் சிலர் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்காகத்தான் நீங்கள் வந்திருக்கவும் கூடும்.

அவரிடம் ஊரே ஒன்றைச் சொல்லியிருக்கும். “சும்மா படுத்தே கெடந்தா அப்படித்தான் இருக்கும். எந்திரிச்சு நாலு எட்டு நடந்துட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்.” அம்மா சொல்லியிருப்பார், மாமா சொல்லியிருப்பார், என்னைப் போன்ற டாக்டர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்போம். இந்த அறிவுரையில் வேடிக்கை என்னவென்றால், அதன் உள்ளடக்கம் சரிதான். சொல்கிற விதம்தான் உதவுவதில்லை. உள்ளடக்கம் ஏன் சரி என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு, நம் பேச்சு ஏன் பலிப்பதில்லை என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் புளூமென்தால் என்ற உளவியலாளரின் குழு 50 வயதைக் கடந்த 156 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தது. அத்தனை பேரும் மருத்துவ அளவுகோலின்படி மனச்சோர்வு நோய் உள்ளவர்கள். ‘இன்னைக்கு மூடு சரியில்லை’ ரகம் இல்லை. மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேக நடை, மெல்லோட்டம் போன்ற பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்கள் கொஞ்சம் சீக்கிரம் தேறினார்கள், அவ்வளவுதான். 1999இல் இந்த முடிவு வெளியானது. சிகிச்சை தொடங்கிப் பத்தாவது மாதத்தில், தேறியவர்களை மறுபடியும் சோதித்தார்கள். மாத்திரையால் தேறியவர்களில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பயிற்சியால் தேறியவர்களில் 8 சதவீதம்.

இதோடு நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த 156 பேரும் உடற்பயிற்சி பற்றிய ஆய்வு என்று தெரிந்துதான் சேர்ந்தவர்கள். பயிற்சிப் பிரிவினர் வாரம் மூன்று முறை ஓரிடத்தில் கூடினார்கள். அங்கே ஒருவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். நாடித் துடிப்பைக் கவனித்தார். பக்கத்தில் இன்னும் சிலர் அதே பாடுபட்டுக் கொண்டிருந்தார்கள். நடைக்கு எவ்வளவு பங்கு, இந்தச் சூழலுக்கு எவ்வளவு பங்கு?

அந்தக் குழு 2007இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. 202 பேர். இந்த முறை போலி மாத்திரை கொடுத்த பிரிவும் இருந்தது. நான்கு மாதத்தில் நோய் நீங்கியவர்களின் கணக்கு இப்படி: கூடிப் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம், வீட்டிலேயே செய்தவர்களில் 40, உண்மையான மாத்திரை பெற்றவர்களில் 47, போலி மாத்திரை பெற்றவர்களில் 31. இந்த நான்கு எண்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசி எண்தான். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டு மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்றால், ‘நம்மை யாரோ கவனிக்கிறார்கள், ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற உணர்வுக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். காலம் போகப்போகத் தானாகவே தேறுகிறவர்களும் உண்டு. உடற்பயிற்சியைப் பெரிய மந்திரமாக்கி விற்கிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

பிறகு நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்துவிட்டன. 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே, 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 14,000 பேருக்கு மேல். நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவற்றுக்கு நல்ல பலன் தெரிந்தது. பல ஆய்வுகளின் தரம் போதாது என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நார்வேயில் நோயில்லாத 33,908 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வாரத்துக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் உடலை அசைத்தாலே பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு குறைகிறது என்று தெரிந்தது. கவனியுங்கள், நாளைக்கு ஒரு மணி நேரம் இல்லை, வாரத்துக்கு.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எல்லோரும் ‘எண்டார்ஃபின்’ என்பார்கள். அந்தக் கதை அவ்வளவு நேரானதில்லை. ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள், அழற்சி குறைவது, தூக்கம் சீராவது என்று பல வழிகள் பேசப்படுகின்றன. முதியவர்கள் 120 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களுக்கு ஓர் ஆண்டில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. நடக்காதவர்களுக்கு அது சுருங்கியது. நினைவுக்கு முக்கியமான பகுதி அது. நெடுநாள் மனச்சோர்வில் சிறுத்துப்போவதும் அதுதான். வேதியியல் இன்றைக்கு இவ்வளவு போதும்.

இனி என் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் வந்த ஓர் அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “கால் நல்லாத்தான் இருக்கு டாக்டர். கிளம்புற மனசுதான் இல்ல.” இந்த நோயைப் பற்றி எந்தப் பாடநூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை. சர்க்கரை நோயாளியிடம் ‘நட’ என்றால், அவருக்கு நடக்கும் விருப்பத்தை எந்த நோயும் பறித்திருக்கவில்லை. மூட்டுவலிக்காரரிடம் ‘நட’ என்றால் வலிக்கும், ஆனால் மனம் உண்டு. மனச்சோர்வு உள்ளவரிடம் ‘நட’ என்று சொல்லும்போது, எதை அந்த நோய் எடுத்துக்கொண்டு போய்விட்டதோ அதையே நாம் மருந்தின் விலையாகக் கேட்கிறோம்.

மைக்கேல் ட்ரெட்வே என்ற ஆய்வாளர் இதை அளக்க ஒரு விளையாட்டு செய்தார். கணினியின் பொத்தானைத் தட்ட வேண்டும். எளிய வழி: பழக்கப்பட்ட கையின் ஆள்காட்டி விரலால் 7 விநாடியில் 30 தட்டு, ஒரு டாலர் கிடைக்கலாம். கடினமான வழி: மற்றொரு கையின் சுண்டு விரலால் 21 விநாடியில் 100 தட்டு, நான்கு டாலருக்கு மேலும் கிடைக்கலாம். ஒவ்வொரு முறையும் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதுதான் சோதனை. மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட முக்கியம், பரிசு பெரிதாக இருக்கும்போதுகூட அந்தப் பெரிய தொகை அவர்களை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. ‘இதைச் செய்தால் நல்லது நடக்கும்’ என்ற தகவல் மூளைக்குப் போய்ச் சேர்ந்தாலும் அது உந்துதலாக மாறுவதில்லை. வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. நகைச்சுவைக் கார்ட்டூன்களைக் காட்டினார்கள். கார்ட்டூனைப் பார்க்கும் கணத்தில், மனச்சோர்வு உள்ளவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ரசித்தார்கள். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. மற்றவர்கள் ரசித்ததை மீண்டும் பார்க்க மெனக்கெட்டார்கள். நோயுற்றவர்களிடம் அந்த ரசனைக்கும் மெனக்கெடலுக்கும் இருந்த தொடர்பு அறுந்திருந்தது. அனுபவிக்கும் திறன் பலருக்கு முற்றாக அழிந்துவிடுவதில்லை. எதிர்பார்க்கும் திறன்தான் செத்துக்கிடக்கிறது. கட்டிலில் இருந்து பார்க்கும்போது நடை வெறும் துன்பமாகத் தெரியும். தெருமுனை தாண்டிய பிறகு அது அவ்வளவு மோசமாக இருப்பதில்லை.

இதில் நோயாளிகள் மட்டும் ஏமாறுவதில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் ஜிம்முக்குப் போகிற சாதாரண மனிதர்களிடம், ‘இன்றைய பயிற்சி எவ்வளவு பிடித்திருக்கும்’ என்று முன்னதாகவே கேட்டார்கள். முடிந்தபின் மறுபடி கேட்டார்கள். பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. காரணம், முன்கூட்டி யோசிக்கும்போது தொடக்கத்தின் சங்கடம் மட்டுமே கண்ணில் படுகிறது. நல்ல மனநிலையில் இருக்கும் நமக்கே இந்தக் கணக்கு இவ்வளவு பிசகுகிறது என்றால், சோர்ந்து கிடக்கிறவர் தன் மனத்திடம் ‘போகலாமா’ என்று கேட்டு முடிவெடுத்தால் என்ன பதில் வரும்?

அதனால் ஒன்றைச் சொல்கிறேன். மனம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் கால சைக்கிளில் டைனமோ விளக்கு ஒன்று இருக்கும், நினைவிருக்கிறதா? வெளிச்சம் வந்தபிறகு மிதிக்கலாம் என்று நின்றால் விடிய விடிய இருட்டில்தான் நிற்க வேண்டும். மிதித்தால் மங்கலாக எரியும். கொஞ்சம் வேகம் பிடித்தால் சாலை தெரியும்.

உளவியலில் இது ஒரு சிகிச்சை முறையாகவே வளர்ந்திருக்கிறது. 1970களில் பீட்டர் லூவின்சன் போன்றவர்கள் தொடங்கியது. உள்ளே மாறியபின் வெளியே செய்வது என்ற வழியைத் திருப்பிப் போட்டு, வெளியே சிறிதாக ஒன்றைச் செய்து உள்ளே மாறும் வரை விடாமல் இருப்பது. இதற்குப் பட்டம் பெற்ற நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் சங்காத் என்ற அமைப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டு முறை பேசச் செய்தார்கள். பேச்சின் மையம்: எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள், அதில் எந்தச் சின்னத் துண்டை இந்த வாரம் திரும்பச் செய்யலாம். ஏறக்குறைய 500 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மூன்று மாதத்தில் இந்தப் பேச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் நீங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அது உடற்பயிற்சி ஆய்வு இல்லை. ஆனால் நான் சொல்லும் பாதையைக் காட்டிய ஆய்வு, நம் நாட்டிலேயே நடந்தது.

சரி, மனம் வராமலே தொடங்க வேண்டும் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதா? அதுதான் அடுத்த தவறு. உணர்ச்சிக்கு இதில் என்ன வேலை என்பது இங்கேதான் வருகிறது. பன்டெலெய்மோன் எக்கெக்காகிஸ் என்ற உடற்பயிற்சி உளவியலாளர் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்: பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே எப்படி இருக்கிறது? முடித்தபின் நன்றாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு மறுபடி வருவாரா என்பதைத் தீர்மானிப்பதில் செய்யும் அந்த நிமிடங்களின் உணர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்தில் வருகிறவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் வரை பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கிறது. மூச்சு வாங்கி, பேச்சு துண்டு துண்டாக வரத் தொடங்கினால் பலருக்கு உணர்வு சரிகிறது. உட்கார்ந்தே வாழ்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், முதல் நாள் நடக்கும்போது இதமாக உணர்ந்தவர்கள் ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்தும் அதிகம் நடந்துகொண்டிருந்தார்கள்.

அதனால் என் நோயாளிகளிடம் கடிகாரம் கட்டச் சொல்வதில்லை. பத்தாயிரம் காலடி என்ற எண்ணிக்கையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள் என்பேன். பேசிக்கொண்டே போங்கள், பேச ஆள் இல்லையென்றால் எண்பதுகளின் இளையராஜா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போங்கள். முணுமுணுக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். 2023 நவம்பரில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கிவைத்தது. நல்ல காரியம். ஆனால் நான் சொல்லும் மனிதர் ‘8 கி.மீ.’ என்ற பலகையைப் பார்த்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவருக்கு வேண்டியது வாசல் படியிலிருந்து டீக்கடை வரையான தூரம்.

உடலின் களைப்பும் மனத்தின் களைப்பும் பற்றி ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். “நாள் பூரா மூட்டை தூக்குறேன் சார், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” நியாயமான கேள்வி. ஆய்வுகளும் அவர் பக்கம் ஓரளவு நிற்கின்றன. ஓய்வு நேரத்தில் தானே விரும்பிச் செய்யும் உடலசைவுதான் நல்ல மனநலத்தோடு சேர்ந்து காணப்படுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு அப்படி இல்லை. தசைக்கு இரண்டும் வேலைதான். ஆனால் ஒன்றில் நான் தேர்ந்தெடுக்கிறேன், இன்னொன்றில் என்னை ஏவுகிறார்கள். டெசி, ரயன் என்ற இருவர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்: தானே தீர்மானிப்பது, ‘நம்மால் முடிகிறது’ என்று உணர்வது, மனிதர்களோடு ஒட்டியிருப்பது ஆகிய மூன்றும் கிடைக்கிற இடத்தில் உந்துதல் தானாக ஊறும். அந்த மூட்டை தூக்குகிறவருக்கு நான் நடை எழுதித் தரவில்லை. ஊரில் இருந்தவரை கபடி ஆடியவர் என்று பேச்சில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் ஆடுகிற இடத்துக்குப் போய் நடுவராக நிற்கச் சொன்னேன்.

இனி, உந்துதலுக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். தை மாதத்தில் திண்டுக்கல் சாலையில் போயிருப்பீர்கள். பச்சை வேட்டியும் பச்சைப் புடவையுமாகப் பழனிக்கு நடக்கிறார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு நடக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் போகிறார்கள். பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். இவர்களில் எத்தனையோ பேர் வருஷத்தில் மற்ற நாட்களில் அடுத்த தெரு மளிகைக் கடைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கள். தமிழ்நாட்டையும் மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரையும் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி என்று ஏதாவது செய்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஜனங்கள்தான் வெறுங்காலோடு நாள்கணக்கில் நடக்கிறார்கள்.

யாரும் அவர்களிடம் இதயத்துக்கு நல்லது என்று சொல்லவில்லை. தேதி முன்பே தெரியும்; அன்றைக்குக் கிளம்பலாமா என்று யாரும் தன் மனத்தைக் கேட்பதில்லை. தனியாகப் போவதில்லை. வேகம் பேச்சு வேகம்தான். வழியில் யாரோ மோர் தருகிறார்கள், யாரோ கால் பிடித்துவிடுகிறார்கள். ‘அரோகரா’ என்று ஒருவர் சொன்னால் களைத்துக் கிடக்கும் இன்னொருவர் வாய் தானாகப் பதில் சொல்கிறது. போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது பெரும்பாலும் பிள்ளைக்காகவோ கணவருக்காகவோ. பெண் தெருவில் நடந்தால் ‘எங்க கிளம்பிட்ட’ என்று கேட்கிற அதே ஊர், அன்றைக்கு வழிவிட்டுக் கும்பிடுகிறது. உந்துதல் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதில் முக்கால்வாசி அந்தச் சாலையில் ஏற்கெனவே இருக்கிறது. பாதயாத்திரையைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. காலில் கொப்புளத்தோடும் நீர்ச்சத்து இழந்தும் வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பழனிக்குப் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு மனிதரை எது கிளப்புகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை என்கிறேன்.

அதிலிருந்து எடுக்கக் கூடிய ஒன்று: தனக்காகக் கிளம்பாதவர் பிறருக்காகக் கிளம்புவார். மனச்சோர்வில் இருக்கிறவருக்குத் தன் மேல் அக்கறை இருக்காது. ‘நான் நல்லாகி என்ன ஆகப்போகுது’ என்பார். அவரிடம் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது வீண். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர ஆள் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராதவர். எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது அவருடைய நாயை இவர் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. நாய்க்கு மனச்சோர்வு பற்றித் தெரியாது; காலையில் கதவைப் பிறாண்டியது. இவர் வெளியே வந்தது அதற்காகத்தான். பாசத்தையும் கடமையையும் இப்படிப் பயன்படுத்துங்கள். குற்ற உணர்ச்சியை மட்டும் தொடாதீர்கள். அது அவரிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. “உன்னால வீடே இப்படி ஆயிடுச்சு, எந்திரி” என்று சொல்லிக் கிளப்பினால், அன்றைக்கு எழுவார். அதன்பின் அந்த நடையே அவருக்குத் தண்டனையாகிவிடும்.

இன்னொன்று, தேதியும் இடமும் குறிப்பது. இங்கிலாந்தில் கல்லூரி மாணவர்களிடம் அடுத்த வாரம் ஒருமுறை 20 நிமிடம் பயிற்சி செய்யும்படி சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு இதய நோய் பற்றி நன்றாகப் பயமுறுத்தி ஊக்கம் தந்தார்கள். அந்தப் பிரிவில் செய்தவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்றும் சொல்லாத பிரிவைவிட ஒன்றும் அதிகமில்லை. இன்னொரு பிரிவில் கூடுதலாக, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதி வைக்கச் செய்தார்கள். அதில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். எனவே ‘நாளையிலிருந்து நடப்பேன்’ என்பதை நான் ஏற்பதில்லை. ‘காலைக் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பைப் போடுவேன்’ என்று சொல்லச் சொல்வேன். செருப்புப் போட்டபின் திரும்பிவந்து படுத்தாலும் அன்றைய கணக்கு நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் திரும்ப மாட்டார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிறவருக்கு ‘காலை நடை’ என்பது கணவர் போய்வருகிற ஒன்று. எழுதிக்கொடுத்த பயிற்சியை அவர் செய்யவில்லை என்றால், அந்த வீட்டில் அந்த அரை மணி நேரம் அவருக்கு யார் தந்திருக்கிறார்கள் என்று நான் கூட வந்தவரைத்தான் கேட்பேன். பூங்கா இல்லாத ஊர், விளக்கு இல்லாத தெரு, ‘எங்க போயிட்டு வர்ற’ என்ற மாமியார். அப்புறம், நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பாருங்கள். இரும்புச்சத்து இல்லாத உடம்பிடம் உற்சாகம் கேட்பது அநியாயம்.

நடக்கச் சொல்வதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2012இல் பிரிட்டனில் 361 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு வெளிவந்தபோது, ‘மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி பயனில்லை’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆய்வில் பயிற்சி நடத்தவில்லை. ஓர் ஆலோசகர் அவ்வப்போது பேசி, உற்சாகப்படுத்தி, ‘உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்’ என்று அனுப்பினார். அவர்கள் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைந்ததாகச் சொன்னார்கள். மனச்சோர்வில் மாற்றம் தெரியவில்லை. டியூக்கில் ஆள் காத்திருந்தார். இங்கே பேச்சு மட்டும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்கு ஒரு முடிவு உண்டு. மனச்சோர்வில் இருக்கிறவரிடம் ‘நட’ என்று சொல்லும் உரிமை, செருப்பை மாட்டிக்கொண்டு ‘வா, நானும் வரேன்’ என்று சொல்கிறவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் சும்மா இருப்பது நல்லது.

முடிக்குமுன் சில எச்சரிக்கைகள். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரைக் கேட்டுத்தான். சாப்பாடு இறங்காமல், பேச்சே அடங்கி, கட்டிலோடு கிடக்கிறவருக்கு முதலில் சிகிச்சை, அப்புறம்தான் தெருமுனை. இதய நோய் உள்ளவர்கள் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் வெறிபிடித்தாற்போல ஓடி ஓடி இளைக்கிற இளம்பெண்ணை ‘ஆகா, என்ன கட்டுப்பாடு’ என்று பாராட்டாதீர்கள். அது வேறொரு நோயாக இருக்கலாம்.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் கிடைப்பதில்லை. இந்த அரங்கில் இருக்கும் நாற்காலிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்று பேசத் தொடங்கினால், அன்றைக்கு நடைப் பேச்சை எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். நேராகக் கேளுங்கள், சாகணும்னு தோணுதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை பேசுவதற்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. இரவு பகல் எந்த நேரத்திலும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். கைபேசியை எடுத்து இப்போதே அந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.